பணிமூப்புப் பட்டியல் திருத்தப்பட்டபோது இருக்கையின் இந்தப் பக்கத்திலிருந்து கண்டவை

தமிழக அரசுத் துறை ஒன்றின் தலைமை அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தபோது, உதவியாளர்களின் பணிமூப்புப் பட்டியலைத் திருத்தும் கோப்பு என்னிடம் வந்தது. தேர்வாணையம் வழியாக வந்தவர்களுக்கு, எந்தப் பணியிடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டும் 200 புள்ளி இனச்சுழற்சி வரிசையையே பல ஆண்டுகளாகப் பணிமூப்பு, அதாவது முதுநிலை, வரிசையாகவும் கொண்டிருந்தோம். இடஒதுக்கீட்டின்படி நியமனம் நடந்ததில் யாருக்கும் பிணக்கு இல்லை. அதே சுழற்சியைப் பதவி உயர்வுக்கும் அளவுகோலாக்கியதில்தான் சிக்கல் எழுந்தது. அந்த 200 புள்ளிகளில் எல்லா வகுப்பினருக்கும் பொதுவான பொதுச்சுற்று 62 மட்டுமே என்பதால், மதிப்பெண்ணால் பொதுச்சுற்றில் 50 ஆம் இடம் பெற்றவர், எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும், 150 ஆம் புள்ளிக்கும் பின்னால் போய் நின்றார்.

சுழற்சிப் புள்ளியைக் கொண்டு முதுநிலையைத் தீர்மானிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2003 இலேயே ஹரியானா வழக்கொன்றில் கூறியிருந்தது. பழைய முறையைக் காக்க 2016 இல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முதுநிலை குறித்த பிரிவுகளை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது.

ஒரே தேர்வில் வந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே கண்காணிப்பாளராகியிருந்தார். மற்றவர் அவரிடமே விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவந்தார். மதிப்பெண் வரிசைப்படி திருத்திய பட்டியலில் இருவரின் இடமும் தலைகீழாயிற்று. கீழே இறங்கிய அம்மையார், "சார், நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கவில்லையே, நீங்கள் போட்ட பட்டியல்தானே அது?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மேலே வந்தவருக்கும் முழு மனநிறைவு இல்லை. பதவி உயர்வு கருத்தியலாக, அதாவது கணக்களவில் மட்டும், முன்தேதியிடப்பட்டு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டாலும், பணப்பயன் பொறுப்பேற்ற நாளிலிருந்துதான் கிடைத்தது. நிலுவைத் தொகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆயினும் மேலே வந்த அவருக்குத் துணைநின்றது ஒரு பழைய தாள். முதல் வரைவுப் பட்டியல் சுற்றுக்கு வந்தபோதே அவர் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை, வரவேட்டு எண்ணும் அலுவலக முத்திரையுமாகக் கோப்பில் இருந்தமையால், காலதாமதம் என்ற எதிர்வாதம் அவரிடம் எடுபடவில்லை. அவரைப் போலவே பின்தள்ளப்பட்டு, ஆனால் அதிகாரிகளை நேரில் பார்த்து வாய்மொழியாகவே முறையிட்டுவந்த இன்னொருவருக்கு அந்த வாதமே பெருந்தடையாயிற்று. நான் அந்தப் பிரிவை விட்டு வரும்போதும் அவருடைய வழக்கு நிலுவையில்தான் இருந்தது.