ரோம் நாலு நாள், கையைக் கடிக்காம பார்க்க முடியுமா?

நவம்பர்ல அம்மாவோட ரோம் போறேன். அவங்களுக்கு முட்டிவலி, சுத்த சைவம். எதுல மிச்சம் பிடிக்கலாம்?

பதில் 1:
தண்ணி பாட்டில் வாங்காதீங்க. தெருவுல 'நசோனி'ன்னு இரும்புக் குழாய் ஓடிக்கிட்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைஞ்ச அந்தக் குழாயோட வாயை விரலால அடைச்சா, மேல இருக்கிற ஓட்டை வழியா தண்ணி பீய்ச்சும். அம்மா குனியவே வேணாம். காபியை கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே குடிங்க. நான் ஒரு சதுக்கத்துல ஜம்முனு உட்கார்ந்து ரெண்டு கப்புச்சினோ குடிச்சேன், பில் 14 யூரோ! இன்னும் வயிறு எரியுது.

பதில் 2:
மாசத்தோட முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். ஆனா அந்தக் கூட்டத்துல முட்டிவலியோட நிக்கிறது கொடுமை, என்னைக் கேட்டா காசு குடுத்தே போயிடுங்க. சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி சர்ச்சுல பழைய இத்தாலிய ஓவியர் கரவாஜியோவோட மூணு ஓவியம், சும்மாவே பார்க்கலாம். காசு போட்டாத்தான் அங்க லைட் எரியும். யாராவது போடுற வரைக்கும் தூண் ஓரமா நின்னேன், வெட்கமே இல்லாம.

கேள்வி கேட்டவர்:
சாப்பாடு?

பதில் 1:
எடை போட்டு வெட்டித் தர்ற பிட்சாதான். 'மரினாரா' கேளுங்க, சீஸே இருக்காது. பெக்கொரினோ சீஸ்ல பாலைத் திரிய வைக்க, ஆட்டுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கிற ரெனெட் சேர்ப்பாங்க, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம், ஸ்பானிஷ் படிக்கட்டுல அவங்களை உட்கார வெச்சுடாதீங்க. 2019லேருந்து அபராதம்!