சாகச விளையாட்டில் எவ்வளவு தூரம் வழிகாட்டலாம்?

கேள்வி:
நானும் நண்பர் ஒருவரும் ஒரு தீவைக் களமாகக் கொண்ட சிறிய சாகச விளையாட்டை உருவாக்கி வருகிறோம். முதலில் தீவு முழுவதையும் தொடக்கத்திலேயே திறந்துவிட்டோம். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் கால் மணி நேரம் கடற்கரையில் சுற்றிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை திரையின் மூலையில் அம்புக்குறி ஒன்றை வைத்தோம். எல்லோரும் கதையை முடித்தார்கள். ஆனால் மூன்று மாதம் உழைத்து வரைந்த காட்டை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?

முதல் மறுமொழி:
2017-இல் வெளிவந்த ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டின் முதல் சில மணி நேரத்தை இந்தக் கேள்வியோடு மறுபடி ஆடிப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பெயர்பெற்ற அந்த விளையாட்டே, சுற்றிலும் செங்குத்துச் சரிவு கொண்ட ஒரு பீடபூமியில்தான் உங்களை முதலில் விடுகிறது. அங்குள்ள நான்கு கோயில்களையும் (புதிர்க் கூடங்கள்) முடித்த பிறகுதான், கீழே மிதந்து இறங்க உதவும் பாராகிளைடரை அங்கே சந்திக்கும் முதியவர் ஒருவர் தருகிறார். ஆயினும் எந்தக் கோயிலுக்கு முதலில் போவது, குளிர் மிகுந்த மலையில் காரமான உணவை உண்டுவிட்டு ஏறுவதா, தீப்பந்தத்தை ஏந்திக்கொண்டு ஏறுவதா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். முடிக்காத கோயில்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதால், இரவில் தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும். அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், நிலத்தை முக்கோண வடிவங்களால் அமைத்ததாக, அதை உருவாக்கிய நிண்டெண்டோ குழுவினர் விளக்கினார்கள்: குன்று எதிரே நின்றால் ஏறுவதா, சுற்றிப் போவதா என்ற தேர்வும், அதன் பின்னால் என்ன மறைந்திருக்கிறது என்ற ஆவலும் தாமாக எழும். (குறிகள் அதிலும் உண்டு, நான் ‘புரோ’ முறையில் அவற்றை மறைத்துவிட்டுத்தான் ஆடுவேன்.)

இரண்டாவது மறுமொழி:
இருவர் செய்யும் விளையாட்டில் அத்தனை பெரிய நிலப்பரப்புக்கு இடமேது? 1994-இன் ‘சூப்பர் மெட்ராய்ட்’ உங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். அதில் ஆழமான குழி ஒன்றில் இறங்கிய பின் மேலே வர வழி தெரியாது. அங்கிருக்கும் சிறு விலங்குகள் சுவருக்குச் சுவர் தாவி ஏறிக் காட்டுகின்றன, திரையில் ஓர் எழுத்தும் தோன்றுவதில்லை. அந்தத் தாவல் தொடக்கத்திலிருந்தே நம் கையில் இருந்த திறமை என்பதால், அதைக் கற்றவர், விளையாட்டை உருவாக்கியவர்கள் வகுத்த வரிசையை மீறிப் பல இடங்களுக்கு முன்கூட்டியே போய்விடலாம். எனக்கு அது பழக ஒரு மாலை முழுவதும் ஆயிற்று, கட்டைவிரலும் வலித்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்புக்குறியை நீக்கிவிட்டு, கடற்கரையை மட்டும் பாறைகளால் அடைத்து, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஒரு கலங்கரை விளக்கம் வைக்கப் போகிறோம். ஆனால் ஒரு வாரம் ஆடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருபவர் விட்ட இடத்தை எப்படி நினைவுகூர்வார்?

மூன்றாவது மறுமொழி:
2019-இன் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விளையாட்டில், நம் விண்கலத்தில் உள்ள பதிவேட்டைப் பாருங்கள். நீங்கள் கண்டறிந்ததை மட்டும் அது குறித்துவைக்கிறது. அரைகுறையாய் விட்ட இடத்தில், இங்கே பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கிறது. அது என்ன என்பதை மட்டும் சொல்லாது.