கவரிங் ஒவ்வாதவருக்கு நிக்கல் கலந்த பல் கேப்பும் ஒவ்வாதா?

கேள்வி:
சிறுவயது முதலே கவரிங் கம்மல் போட்டால் இரண்டாம் நாள் என் காதுமடல் தடித்து நீர் கசியும். நான்கு மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் போட்டார்கள். அந்த உலோகம் நிக்கல்-குரோமியம் கலவை என்பது பிறகுதான் தெரிந்தது. கேப்பை ஒட்டிய ஈறு மட்டும் மெல்லிய வளையம்போலச் சிவந்தே இருக்கிறது. இதற்குக் காரணம் நிக்கல்தானா?

மறுமொழி 1:
இருக்கலாம். கவரிங் நகையிலும் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். உலோகம் அரித்து வெளிவரும் நிக்கல் அயனி உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. மறுமுறை நிக்கல் பட்டதும் அவை பெருகித் திரண்டு வர ஓரிரு நாள் ஆவதால்தான் உங்கள் காது உடனே தடிக்காமல் இரண்டாம் நாள் தடிக்கிறது. நிக்கலிடம் இன்னொரு வித்தையும் உண்டு: கிருமிகளை உணர்ந்து எச்சரிக்கும் மனித டிஎல்ஆர்4 ஏற்பிப் புரதத்தில் உள்ள இரண்டு ஹிஸ்டிடின்களில் (ஒருவகை அமினோ அமிலம்) அது நேரடியாக ஒட்டி அழற்சியைத் தூண்டுவதாக 2010இல் கண்டறிந்தார்கள். எலியின் ஏற்பியில் அந்த இரண்டும் இல்லாததால், எலிக்கு இந்த ஒவ்வாமை எளிதில் வருவதில்லை.

மறுமொழி 2:
பல் மருத்துவராகச் சொல்கிறேன்: காதுக்குப் பொருந்துவது வாய்க்கு அப்படியே பொருந்தாது. உமிழ்நீர் அயனிகளை ஓயாமல் கழுவிவிடுகிறது. காது குத்துவதற்கு முன்பே பல்லுக்கு நிக்கல் கலந்த கம்பி போட்ட பிள்ளைகளிடம் நிக்கல் ஒவ்வாமை குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கேப்பின் ஓரம் ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தாலோ, இடைவெளியில் அழுக்குப் படிந்தாலோ இதே சிவப்பு வளையம் வரும். நான் அதிகம் பார்ப்பதும் அதைத்தான்.

மறுமொழி 3:
தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். வாஸ்லினில் 5 சதவீத நிக்கல் சல்பேட் கலந்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து, எடுத்த பிறகும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்று வந்தாலும் அது உங்கள் காது ஏற்கெனவே சொன்னதைத்தான் உறுதிசெய்யுமே தவிர, ஈறுச் சிவப்புக்கு நிக்கல்தான் காரணம் என்று ஆகிவிடாது. கேப்பைக் கழற்றிச் சிவப்பு அடங்கினாலும் ஐயம் தீராது. கழற்றும்போது நிக்கலோடு பழுதான ஓரமும் சேர்ந்தே போய்விடுமல்லவா? ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எக்ஸ்ரே எடுத்த பிறகே பேட்ச் டெஸ்டுக்குப் போகிறேன். எப்படியிருந்தாலும் மாற்றுவதாயின் உலோகமில்லாத சிர்கோனியா கேப்பையே கேட்பேன்.