அன்றாடம் செல்லும் சிற்றுணவகத்தின் மதிய உணவு: அன்று சமைத்ததுதான் என்பதை எப்படி அறிவது?

கேள்வி | மதியப்பசி

வணக்கம். என் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. பதினான்கு நாற்காலிகள், சுவரில் ஒரு கரும்பலகை, கல்லாவுக்குப் பின்னால் மறைப்பில்லாத சமையலறை, அவ்வளவுதான். கடந்த ஓராண்டாக வாரத்தில் நான்கு நாளாவது அங்கேதான் மதியம் சாப்பிடுகிறேன். கிண்ணத்தின் அடியில் சோறு, அதன்மேல் வேகவைத்த பச்சைக் காய்கள், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை, ஓரத்தில் பச்சைக் கீரையும் தக்காளியும், உச்சியில் ஒரு எலுமிச்சைத் துண்டு. நாள் முழுவதிலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் எனக்கு அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, அந்தக் கிண்ணத்தின்மீது ஒரு பற்றே வந்துவிட்டது.

இருந்தும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. "இன்று சமைத்தது, உடலுக்கு நல்லது" என்று பலகையில் எழுதியிருப்பதைச் சாப்பிட வருகிற ஒருவர் எப்படிச் சரிபார்ப்பது? சமையற்காரரிடம் நேராகக் கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்று தயங்குகிறேன். அடுத்ததாக, நான் சாப்பிடுவது நல்ல உணவுதான் என்றால், மூன்று மணிக்கு ஏன் கண் சொருகுகிறது, ஐந்து மணிக்கு ஏன் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போகிறேன்?

மறுமொழி | பழைய அடுப்படி

ஒன்பது ஆண்டுகள் உணவகச் சமையலறையில் காய் நறுக்கியும் அடுப்பைப் பார்த்துக்கொண்டும் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். பலகையில் எழுதியிருப்பதைவிட, அழித்திருப்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு மணிக்கு இருந்த ஒரு பண்டம் ஒன்றரை மணிக்குத் தீர்ந்துபோய் அழிக்கப்படுகிறது என்றால், அன்றைய தேவைக்கு அளந்து சமைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். நாற்பது வகையை எழுதிவைத்து, எந்நேரம் கேட்டாலும் எல்லாம் கிடைக்கும் என்று சொல்கிற சிறிய கடையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது காயின் நிறம். பச்சைக் காய் வேகத் தொடங்கியதும் முதலில் பளிச்சென்று பச்சை கூடும். சூட்டில் கிடக்கக் கிடக்கப் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று, பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம் ஏறிவிடும். எலுமிச்சையையோ வினிகரையோ முன்கூட்டியே சேர்த்துவிட்டால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே எலுமிச்சையைப் பிழியாமல் துண்டாகத் தருகிறவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பச்சைக் கீரையும் அப்படித்தான்: உப்பு பட்ட சற்று நேரத்தில் நீர் விட்டுத் துவண்டுவிடும் என்பதால், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கலந்துவைத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று பொருள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சோற்றுக்குத்தான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஓர் இரவு பெரிய பாத்திரத்தில் மீந்த சோற்றை மூடி, மேடையிலேயே விட்டுவிட்டுப் போனோம். காலையில் மோந்து பார்த்தோம், கெட்ட வாடை எதுவும் இல்லை. நன்றாகச் சூடுபடுத்தி நானும் இன்னொருவரும் சாப்பிட்டோம். நண்பகலுக்குள் இருவரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டோம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் சாகாமல் தப்பிக்கும் என்பதும், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும் என்பதும், வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் விரைவாகக் குளிரவைத்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், அகலமான தட்டுகளில் பரப்பித்தான் ஆறவைக்க வேண்டும். திறந்த சமையலறை என்கிறீர்களே, ஒரு நாள் சோற்றுப் பாத்திரத்தைக் கண்ணால் பின்தொடருங்கள்: அதிலிருந்து ஆவி எழுகிறதா?

முதல்நாள் வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கொண்டைக்கடலையைக் குறையாக எண்ண வேண்டாம். எல்லாவற்றையும் அன்றே செய்ய வேண்டும் என்பது வீம்பு.

சமையற்காரரிடம் "இது இன்று செய்ததா?" என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி | அளவுகோல்

மூன்று மணித் தூக்கத்துக்கு உணவின்மீது முழுப் பழியையும் போட முடியாது. உடலின் நாளொழுங்கிலேயே பிற்பகலில் ஒரு தொய்வு இருக்கிறது. மதியம் சாப்பிடாதவர்களுக்கும் அது வருகிறது. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் அது கூடுதலாகத் தெரியும், முந்தைய இரவு தூக்கம் குறைந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, கடலையை ஒரு கைப்பிடியிலிருந்து இரண்டாக்கச் சொல்லுங்கள். புரதமும் நார்ச்சத்தும் மெதுவாகச் செரிப்பதால் ஐந்து மணிப் பசியும் சற்றுத் தள்ளிப்போகும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 5 கிராமுக்குக் குறைவான உப்பும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. முதலாவதில் பெரும்பகுதியை உங்கள் கிண்ணம் ஒரே வேளையில் தரக்கூடும். இரண்டாவதைத்தான் கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஐந்து கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான், டிரெஸ்ஸிங்கிலும் சாஸிலும் அது தெரியாமலே உள்ளே போய்விடும். அவற்றைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொன்னால் வேண்டிய அளவு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கீரையிலும் கேரட்டிலும் இருக்கும் கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எலுமிச்சையைத் தட்டோரம் ஒதுக்கிவிடாமல் பிழிந்துகொள்ளுங்கள். கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராதது. வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாகச் சேரும். தேநீர் அதற்கு நேர்மாறாக வேலை செய்வதால், அதை உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

மறுமொழி | மெல்லத் தின்பவர்

மேலே சொன்னவை எல்லாம் சரிதான். ஆனால் எவ்வளவு நேரம் சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? வயிறு நிறைந்த உணர்வு தெளிவாக எழுவதற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எட்டு நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்கிறவருக்கு மாலையில் பிஸ்கட் நினைவு வருவதில் வியப்பில்லை. இன்னொன்று: ஓராண்டாக விரும்பிப் போகிற இடத்தில் தட்டின் முன்னால் கிராம் கணக்குப் போடத் தொடங்கினால், அந்த விருப்பம் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி கேட்டவர் | மதியப்பசி

அனைவருக்கும் நன்றி. கைப்பேசி விவகாரத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. நேரம் பார்த்தேன், ஒன்பது நிமிடம்.

இந்த வாரம் சோற்றைக் குறைத்துக் கடலையைக் கூட்டி வாங்கினேன். தூக்கம் அப்படியேதான் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவை நான்கில் இரண்டு நாள் திறக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தையும் பார்த்தேன்: சிறிய பாத்திரத்தில் வடித்து, அது தீரும் தறுவாயில் இன்னொன்றை ஏற்றுகிறார், ஆவி பறக்கிறது.

நேற்று துணிந்து, "இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூடியைத் திறந்து காட்டினார். "பீன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் வேண்டாம், கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது" என்றார். கேரட்டுக்குப் பதிலாக ஒரு கரண்டி பீன்ஸை அவரே கூடுதலாக வைத்தார்.