காட்ஸ்வாலப் கோலி சோடாவில் பிறந்ததா?

ஏட்டுச்சுவடி:
கோலி சோடா பற்றி நேற்று இங்கே ஒரு பதிவு வந்தது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலைப் பீர் குடிப்பவர்கள் இளக்காரம் செய்தார்களாம். ஒரு பேச்சை ‘அபத்தம்’ என்று தள்ளும் ‘காட்ஸ்வாலப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் அப்படித்தான் பிறந்ததாம். எல்லோரும் கைதட்டியிருக்கிறீர்கள். ஒருவராவது அகராதியைத் திறந்தீர்களா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தரும் மேற்கோள் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வசனம். நடுவில் 87 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தச் சொல் எங்கே ஒளிந்திருந்தது?

சோடாக்கடை மகன்:
அந்தப் பதிவை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ‘வாலப்’ என்றால் கொச்சை ஆங்கிலத்தில் பீர். காட் விற்றது போதையில்லாத சோடா. ‘காட் காய்ச்சிய பீர்’ என்று குடிகாரர்கள் நக்கல் செய்தார்கள். இதில் புரியாதது என்ன? மதுக்கடைப் பேச்சை எந்தப் பத்திரிகை அச்சிட்டது?

ஏட்டுச்சுவடி:
அச்சிட்டார்கள் ஐயா. ஃபார்மர், ஹென்லி என்ற இரு அகராதிக்காரர்கள் 1890 முதல் 1904 வரை கொச்சைச் சொற்களுக்கென்றே ஏழு தொகுதிகள் வெளியிட்டார்கள். திருடர் பேச்சு, குடிகாரர் பேச்சு எல்லாம் அதில் உண்டு, இது இல்லை. பீரைக் குறிக்கும் ‘வாலப்’ கூட 1930களில்தான் எழுத்தில் தென்படுகிறது. காட் இறந்தது 1887இல். இறந்து நாற்பது ஆண்டு கழித்தா அவரைக் கேலி செய்தார்கள்? 87 ஆண்டுகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

நடுநிலை:
இருவருக்கும் ஒரு கேள்வி. பால்டர்டாஷ், பாப்பிகாக், ஹம்பக் என்று ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்கள் நிறைய இருக்கின்றன. ‘ஹம்பக்’கில் ஏமாற்று என்ற பொருளும் உண்டு. காட்ஸ்வாலப் வெறும் உளறலா, வேண்டுமென்றே அளக்கும் பொய்யா? அதை முதலில் தெளிவாக்கினால் என்ன?

ஏட்டுச்சுவடி:
பொருள் கிடக்கட்டும். 87 ஆண்டுகள்!

வைகைக்கரை:
ஏட்டுச்சுவடியாருக்கு இது பழைய வழக்கம். நம் ஊர்ப் பக்கம் ஒரு சொல் சாய்ந்தாலே தாங்காது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்தாம். ‘கேஷ்’ தமிழ்க் காசு என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் குதித்தார்.

ஏட்டுச்சுவடி:
அன்று பாதி படித்தவர் இன்றும் பாதிதான் படிக்கிறார். சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. கட்டுமரத்துக்குச் சான்று இருக்கிறது, ஏற்கிறேன். சோடாவுக்கு இல்லை, மறுக்கிறேன். ஹைரம் காட் எந்த மாவட்டத்துத் தமிழர்?

வைகைக்கரை:
தமிழர் என்று நான் சொல்லவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிப்பது உங்கள் கைவந்த கலை.

சோடாக்கடை மகன்:
நான் விருதுநகரில் சோடா கம்பெனியில் வளர்ந்தவன். வாயுவை ஏற்றி பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் கோலி கழுத்துக்கு வந்து ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அழுத்தமே மூடி. இவ்வளவு சாமர்த்தியமான பாட்டிலைக் கண்டவர்கள் ஒரு பெயர் வைக்காமல் இருந்திருப்பார்களா? அகராதிக்காரர்கள் சோடா உடைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏட்டுச்சுவடி:
பாட்டில் சாமர்த்தியமானது என்பதற்கு யார் மறுப்புச் சொன்னது? அதன் சாமர்த்தியம் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. இன்னொன்றையும் பாருங்கள். காட் என்பவர் பெயரில் இரண்டு ‘டி’. இந்தச் சொல்லில் ஒன்றுதான். இரண்டாவது ‘டி’யைக் கோலியோடு விழுங்கிவிட்டார்களா?

சோடாக்கடை மகன்:
ஆங்கிலேயன் எழுத்துக்கூட்டலில் ஒழுங்கைத் தேடும் முதல் ஆள் நீங்கள்தான். சரி, சோடா இல்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லுங்களேன்.

ஏட்டுச்சுவடி:
ஒற்றை ‘டி’ உள்ள ‘காட்’ என்ற சொல்லுக்குப் போலி, கேலி என்ற பொருளும் ஆங்கிலத்தில் உண்டு; அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். மூலம் உறுதியாகவில்லை என்றுதான் நல்ல அகராதிகள் எழுதுகின்றன. உறுதியாகாத இடத்தில் சோடாவை ஊற்றி நிரப்பாதீர்கள் என்பதுதான் என் வாதம். 1872, 1959. கழித்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
ஆகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டீர்கள். தெரியாதவர் தெரிந்தவரை ஏன் மிரட்டுகிறீர்கள்?

நடுநிலை:
உளறலா பொய்யா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

வழிப்போக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே கோலி பாட்டிலில் வருகிறது. நம் ஊரில்தான் கண்ணாடிக் கோலியை ஒழித்துக்கட்டி விட்டார்கள்.

சோடாக்கடை மகன்:
யார் ஒழித்தது? மதுரையில் இப்போதும் கிடைக்கிறது. பன்னீர் சோடா குடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வழிப்போக்கன்:
அது கோலி வைத்த பழைய பாட்டிலா, திருகு மூடி போட்டதா?

ஏட்டுச்சுவடி:
பேச்சை மாற்றாதீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது.

சோடாக்கடை மகன்:
நிற்கட்டும். வழிப்போக்கரே, கழுத்தில் குழி உள்ள பாட்டில்தான். ஊற்றும்போது கோலி அந்தக் குழியில் தங்காவிட்டால் சோடா எப்படி வெளியே வரும்? குழி இல்லாத பாட்டிலைக் கோலி சோடா என்று விற்பவர்களைப் பற்றி நாளை தனியாக எழுதுகிறேன். ஏட்டுச்சுவடியார் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:
வருவேன். அதிலும் ஆண்டு தப்பாக இருக்கும்.