போரிக் அமிலம் + கிளிசரால்: சமநிலை மாறிலியை எப்படி எழுதுவது?

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. போரிக் அமிலத்துக்குச் சமநிலை மாறிலி எழுதுவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அசிட்டிக் அமிலத்தில் சிக்கல் இல்லை. மேலே ஹைட்ரோனியம், அசிட்டேட். கீழே பிரியாத அமிலம். தண்ணீர் கரைப்பான், அதனால் வராது. மாறிலிக்கு 1.8 × 10⁻⁵ போட்டால் 0.1 மோலார் கரைசலுக்கு பிஹெச் 2.87.

போரிக் அமிலம் வேறு ரகம். தன் புரோட்டானைத் தராமல் தண்ணீரின் ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. சமன்பாட்டில் வரும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளையும் விட்டுவிட்டு, மாறிலிக்கு 5.8 × 10⁻¹⁰ வைத்து அதே 0.1 மோலாருக்குக் கணக்கிட்டேன்: பிஹெச் 5.12. 25 டிகிரியில் மீட்டரும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டியது.

தரம் பார்க்க, அதாவது டைட்ரேஷன் செய்ய, கிளிசரால் ஊற்றியதும்தான் தலைவலி. பிஹெச் சட்டென்று இறங்குகிறது. (அது இல்லாமல் ஃபீனால்ஃப்தலீன் நிறங்காட்டியை வைத்து முடிவுநிலையைப் பிடிப்பது பெரும்பாடு.) ஒரு போரிக் அமிலத்துக்கு இரண்டு கிளிசரால் சேர்ந்த அணைவு என்று எடுத்துக்கொண்டு, கிளிசரால் செறிவின் வர்க்கத்தைக் கீழே போட்டேன். கூடப் படிப்பவர்களோ, "அதுதான் ஏராளமா இருக்கே, தண்ணி மாதிரி விட்டுடு" என்கிறார்கள். இரண்டு வழியிலும் மாறிலி வேறு வேறாக வருகிறது. பாடநூலில் கிளிசரால் இல்லாத சமன்பாடு மட்டுமே இருக்கிறது.

கிளிசரால் செறிவை மாறிலிக்கான கோவையில் தனியாக எழுத வேண்டுமா, மாறிலிக்குள்ளேயே அடக்கிவிடலாமா?