டிப்ஸீ பாதையில் ஓடியவர்களே, கட்டிய பணத்தை மண்ணில் எங்கே பார்த்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

நெடுநடை:

நண்பர்களுக்கு வணக்கம். தேங்க்ஸ்கிவிங் வியாழனை அடுத்து வரும் சனிக்கிழமை, கலிஃபோர்னியாவின் மில் வேலியிலிருந்து டிப்ஸீ பாதை வழியாக ஸ்டின்சன் பீச் வரை ஓடி, திரும்பி வந்து, மறுபடியும் ஒரு முறை போய்வரும் ‘குவாட் டிப்ஸீ’ ஓட்டத்தை நான் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மொத்தத் தூரம் 28.4 மைல், மாரத்தானைவிட இரண்டு மைல் சொச்சம்தான் அதிகம். ஆனால் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 9,000 அடியைத் தாண்டிவிடும் என்பதால், மாரத்தான் ஓடிய தெம்பில் வருகிறவர்களை இந்தப் பாதை பாதி வழியிலேயே உட்கார வைத்துவிடும். என்னையும் உட்கார வைத்தது.

ஓட்டத்தில் செலவு போக மிஞ்சும் பணம் பாதையின் பராமரிப்புக்குப் போகிறது என்பதைப் பெயர் கொடுக்கும்போதே படித்திருந்தேன். படித்த வேகத்திலேயே மறந்தும் போனேன். மில் வேலியில் ஓட்டம் தொடங்கியதும் மூன்று தொகுதிகளாகக் கிட்டத்தட்ட 700 படிகள் வரும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். மூன்றாம் சுற்றில், அதாவது இரண்டாம் முறையாக அந்தப் படிகளில் ஏறியபோது, இடது கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிப் பிடித்துக்கொண்டது. ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து காலைப் பிசைந்துகொண்டிருந்தபோது, கண்ணுக்கு நேர் எதிரே, மேலே இருந்த படியின் முகப்பில் உள்ளங்கை அளவில் ஒரு உலோகத் தகடு தெரிந்தது. நன்கொடையாளர் ஒருவரின் பெயரும் ஒரு வாழ்த்து வரியும் அதில் இருந்தன. படிகளைச் செப்பனிடப் பணம் திரட்டியபோது கொடுத்தவர்களின் பெயர்களை இப்படிப் பதித்திருக்கிறார்கள். காலையில் அதே இடத்தை ஒரு முறை ஏறியும் ஒரு முறை இறங்கியும் கடந்திருந்தேன்; ஒரு தகடுகூடக் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு மேலே போகும்வரை படிக்குப் படி தேடிக்கொண்டே ஏறினேன். வலி குறைந்ததா, கவனம் திசைமாறியதா என்று தெரியாது, ஏறிவிட்டேன்.

பொது நிலத்தைக் காக்க நிதி திரட்டும் ஓட்டங்களில் கலந்துகொண்டவர்களும், அவற்றில் உதவியவர்களும், அந்தப் பணமோ உழைப்போ மண்ணில் ஒரு பொருளாகத் தெரிந்த தருணத்தை எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓடி முடித்த நேரக்கணக்கு வேண்டாம். அதற்கு வேறு இடம் உண்டு.

தாமிரபரணி:

நான் ஓட்டக்காரன் அல்லன், வாரக்கடைசியில் நடப்பவன். போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, மியூர் வுட்ஸ் காட்டின் ரெட்வுட் மரங்களைக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் மில் வேலியில் நிறுத்தி இந்தப் படிகளில் முதல் தொகுதியை மட்டும் ஏறிப் பார்க்கலாம் என்று அழைத்துப் போனேன். பழனியில் யானைப் பாதையை ஒதுக்கிவிட்டுப் படி வழியாகவே ஏறும் வழக்கமுள்ளவர் என்பதால் மூட்டுவலியைப் பற்றி நான்தான் கவலைப்பட்டேன், அவர் கவலைப்படவில்லை.

இருபது படி ஏறியதும் தகட்டைப் பார்த்துவிட்டு நின்றார். “இது யார் உபயம்ப்பா?” என்று கேட்டார். நன்கொடை, நிதி திரட்டல், பராமரிப்பு என்று நான் சுற்றி வளைத்து விளக்கத் தயாராகிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் முடித்து வைத்தது. குழல்விளக்கு வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே எழுத்து சிறிதாக இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்து நடந்தது எனக்கு மறக்காது. பெயர் எழுதிய படியை மிதிக்கக் கூசி, நான் ஒவ்வொரு முறையும் காலை ஓரத்தில் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தேன். “மிதிக்கத்தான்ப்பா படியில போட்டிருக்கு. நாலு பேர் கால் பட்டாத்தான் அவங்களுக்குப் புண்ணியம். இல்லன்னா சுவத்துல போட்டிருக்க மாட்டாங்களா?” என்றார். கோயில் வாசற்படியில் பெயர் வெட்டி வைப்பவர்களின் மனம் அவருக்குத் தெரியும். கொடுத்த அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்களா என்று கேட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை.

காவிரிக்கரை:

பணத்தைப் பார்த்தவர்கள் எழுதிவிட்டீர்கள். நான் உழைப்பைப் பற்றி எழுதுகிறேன். டிப்ஸீ பாதை ஏறிச் செல்லும் மலையின் முழுப்பெயர் டாமல்பையஸ். உள்ளூர்க்காரர்கள் ‘மவுண்ட் டாம்’ என்பார்கள். எங்கள் ஓட்டக் குழு அதைத் ‘தமிழ் மலை’ ஆக்கிப் பல ஆண்டுகள் ஆயிற்று. இரண்டு குளிர்காலங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, பாதை செப்பனிடும் தன்னார்வலர்களோடு அங்கே போனேன். கையில் கொடுத்த கருவியின் பெயர் மெக்லவுட். நீண்ட மரப்பிடி, ஒரு பக்கம் பல் வைத்த வாரி, மறுபக்கம் மண்வெட்டி போல அகன்ற அலகு. களைக்கொத்தியையும் வாரியையும் ஒன்றாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களை நடத்தியவர் எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மையார். மலைப்பாதையைக் கெடுப்பது கால்கள் என்பதைவிடத் தண்ணீர் என்பதுதான் சரி என்று அவர் முதலிலேயே சொன்னார். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுப் பட்டுப் பாதையின் நடு குழிந்துவிடுகிறது. குழிந்த பாதை மழையில் வாய்க்காலாகிவிடுகிறது. வாய்க்காலான பின் தண்ணீர் வேகம் பிடித்து, மண்ணை அரித்து, வேர்களையும் கற்களையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அடுத்து வருகிறவர் சேற்றில் கால் வைக்க விரும்பாமல் ஓரத்துப் புல்லில் மிதிக்க, ஒன்றரை அடிப் பாதை ஐந்தடியாகிறது. ஆகவே செய்ய வேண்டியது, தண்ணீர் வேகம் பிடிப்பதற்கு முன்பே அங்கங்கே அதைச் சரிவின் பக்கம் திருப்பிவிடுவது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வயது வரை நான் அப்பாவோடு வயலில் செய்ததும் இதே வேலைதான். அங்கே தண்ணீரை உள்ளே விட மடை திறந்தோம், இங்கே வெளியே விட.

அந்தத் தெம்பில் முதல் மடையை நானே வெட்டினேன். பாதைக்குச் செங்குத்தாக, ஆழமாக, வயலில் வெட்டுவது போல. அம்மையார் ஒன்றும் சொல்லாமல் தம் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மேட்டிலிருந்து ஊற்றினார். தண்ணீர் என் மடையில் விழுந்து, வண்டலை அங்கேயே போட்டுவிட்டு, மறு கரையைத் தாண்டிப் பாதையிலேயே இறங்கிப் போனது. இரண்டு மழைக்குள் மண் நிரம்பி மூடிவிடும் என்றார். பிறகு கிட்டத்தட்ட 45 பாகைச் சாய்வில், ஆழம் குறைத்து, வாயை அகலமாக்கி வெட்டச் சொன்னார். ஓடி வருகிறவர் அதைப் பள்ளமாக உணரக் கூடாது, தண்ணீர் மட்டும் உணர வேண்டும் என்பது அவர் கணக்கு. மாலைக்குள் மூன்று மடைகள் முடித்தேன். மூன்று மடை, ஏழு மணி நேரம். ஒரு பந்தயத்தில் அவற்றைக் கடக்க எனக்கு இருபது வினாடி ஆகியிருக்கும்.

இலவச இணைப்பாகப் பாய்சன் ஓக் என்ற செடி இரண்டு முழங்கைகளிலும் கொப்புளங்களைக் கொடுத்தது. ஆறப் பத்து நாள் பிடித்தது. போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐயம்:

மேலே எழுதியவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இழையில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: பாதையைத் தேய்ப்பவர்களே அதைச் செப்பனிடப் பணம் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறோமா?

டிப்ஸீ பந்தயம் 1905-இல் தொடங்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய மலைப்பாதைப் பந்தயம் என்று அதைச் சொல்கிறார்கள். ஜூன் மாதத்தில் நடக்கும் அந்த மூலப் பந்தயத்தில் மட்டும் ஏறத்தாழ 1,500 பேர் ஓடுகிறார்கள். சில இடங்களை ஏலத்தில் விட்டுப் பணம் திரட்டுவதும் உண்டு. கூடவே இரட்டை ஓட்டம், நான்மடி ஓட்டம், ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வருகிறவர்கள். கீழே ஓடும் ரெட்வுட் ஓடையில், அழிவின் விளிம்பில் உள்ள கோஹோ சால்மன் மீன்கள் குளிர்கால மழையை நம்பித்தான் கடலிலிருந்து ஏறி வருகின்றன. பாதையிலிருந்து அரித்துப்போகும் வண்டல், அவை முட்டையிடும் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்துவிடும். காவிரிக்கரை வெட்டிய மடைகளின் பயன் ஓட்டக்காரர்களின் கணுக்காலோடு முடிவதில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 1990-களின் நடுவில் இதே மரின் வட்டாரத்தில் முதலில் தென்பட்டு, ஓக் மரங்களையும் டேன்ஓக் மரங்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோய்க்கிருமி, காலணியில் ஒட்டிய ஈர மண்ணோடும் இடம்பெயரக் கூடியது. பந்தயம் முடித்தவர்களில் எத்தனை பேர் காலணியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறொரு காட்டுக்குப் போகிறார்கள்?

இன்னொன்று. ஒரு முறை நான் உதவியாளனாக ஒரு வளைவில் நின்றேன். எந்த ஓட்டம் என்று சொல்லப் போவதில்லை. எட்டு பேர் கொண்ட ஒரு கூட்டம் வளைவைச் சுற்றாமல் சரிவில் நேராக இறங்கியது. அவர்களில் ஒருவரின் சட்டையில், நிலத்தைக் காப்போம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. நான் கத்தியது அவர்கள் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது.

பொது நிலத்தைப் பராமரிப்பது அரசின் கடமை என்பதும் என் கருத்து. 2020-இல் வந்த சட்டம், தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட கூட்டாட்சி நிலங்களில் தேங்கிக் கிடந்த பராமரிப்பு வேலைகளுக்காக ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கியது. வழி அதுதான். நுழைவுக் கட்டணத்தில் மிஞ்சியதைக் கொண்டு படி கட்டுவது அரசுக்கு ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது.

மூடுபனி:

ஐயம் சொல்வதில் காலணி பற்றிய பகுதியை நான் முழுவதுமாக ஏற்கிறேன். என் வண்டியில் இப்போது ஒரு பழைய தேய்ப்பான் எப்போதும் கிடக்கிறது. ஆனால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் அந்த வட்டாரத்தில் பார்த்துக்கொள்ள நிலமே மிஞ்சியிருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு. அதை எனக்குள் போட்டவர் ஒரு முதியவர்.

டிப்ஸீக்குத் தெற்கே, மரின் ஹெட்லேண்ட்ஸ் குன்றுகளில் நடந்த வேறொரு ஓட்டம் அது. டென்னஸீ வேலியிலிருந்து மரின்செல்லோ என்ற பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். மூடுபனி முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேலே உணவு மேசையில் உப்பில் புரட்டிய வேகவைத்த உருளைக்கிழங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், மற்ற பாதைகளெல்லாம் ஒற்றையடியாக இருக்க இது மட்டும் ஏன் இரண்டு கார் போகும் அகலத்தில், சீரான ஏற்றமாக இருக்கிறது என்று மூச்சுவாங்கிக்கொண்டே கேட்டேன். “நீங்கள் ஏறி வந்தது ஒரு நகரத்தின் வாசல் சாலை” என்றார் அவர். கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். உடன் ஓடியவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

அவர் சொன்னதைப் பிறகு படித்தும் உறுதி செய்துகொண்டேன். 1964-இல் கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் துணையோடு அந்தக் குன்றுகளில் ஏறத்தாழ 30,000 பேர் வாழும் ஒரு புது நகரம் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர்தான் மரின்செல்லோ. சாலைக்காக மலையை வெட்டவும் தொடங்கிவிட்டார்கள். உள்ளூர் மக்களும் சில வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடித் திட்டத்தை முடக்கினார்கள். 1972-இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிலத்தை 65 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு உருவான கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் அது பின்னர் சேர்ந்தது. முதலில் வாங்கியது அரசு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிப்ஸீயிலும் இதே கதைதான். 1905-இல் வில்லியம் கென்ட் என்பவர் 611 ஏக்கர் ரெட்வுட் காட்டை 45,000 டாலருக்கு வாங்கினார். ஒரு தண்ணீர்க் கம்பெனி, அணை கட்டுவதற்காக அதை நீதிமன்றத்தின் வழியாக எடுத்துக்கொள்ள முயன்றபோது, அவர் 295 ஏக்கரை நேராக நாட்டுக்கே தானமாகக் கொடுத்துக் கம்பெனியின் வழியை அடைத்தார். 1908-இல் அது மியூர் வுட்ஸ் தேசிய நினைவுச் சின்னமானது. அதற்குக் கென்ட்டின் பெயரையே வைக்கலாம் என்றார் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். கென்ட் மறுத்து, இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயரே இருக்கட்டும் என்றார். ஸ்டின்சன் பீச்சுக்கு இறங்கும்போது முழங்காலைப் பதம் பார்க்கும் ஸ்டீப் ரவீன் பள்ளத்தாக்கும் அவர் 1928-இல், தம் கடைசி நாட்களில் கொடுத்ததுதான். அவருடைய உபயத்துக்குத் தகடு இருக்கிறதா என்று தாமிரபரணியின் அம்மாவைத்தான் தேடச் சொல்ல வேண்டும்.

ஐயம்:

கென்ட்டும் அந்தப் பாதுகாப்பு அமைப்பும் கொடுத்தது நிலம். நாம் கொடுப்பது நிலத்தின் மேல் ஓடும் உரிமைக்கான கட்டணம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் இன்னும் தயாராக இல்லை. ஆனால் அடுத்த பாதை வேலை நாள் எப்போது என்று காவிரிக்கரை எழுதினால் வருகிறேன்.

நெடுநடை:

நானும் வருகிறேன். படியில் உட்கார்ந்த கடன் ஒன்று இருக்கிறது.

காவிரிக்கரை:

நாள் தெரிந்ததும் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு செய்தி. இந்த இழையைப் படித்துவிட்டு, நேற்று பெய்த மழைக்குப் பிறகு இன்று காலை என் மூன்று மடைகளையும் பார்க்கப் போயிருந்தேன். முதலாவது வேலை செய்கிறது. தண்ணீர் சொன்ன பேச்சு கேட்டுச் சரிவில் இறங்கிப் பெரணிச் செடிகளுக்குள் போகிறது. இரண்டாவதும் பழுதில்லை. மூன்றாவதன் வாயில் பே மரத்தின் இலைகள் அடைத்து, தண்ணீர் பாதைக்கே திரும்பியிருந்தது. காலால் தள்ளிவிட்டேன். நசுங்கிய இலையில் பிரிஞ்சி இலை வாசம் அடித்தது. போகிறவர்கள் அந்த மூன்றாவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். கார்டியாக் மேட்டுக்குக் கொஞ்சம் கீழே, வலப்பக்கம்.